ஒரு கிராமத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் படிப்பது எப்படி? கனடாவின் ஒகோடோக்ஸ் – ஹை ரிவர் பகுதியை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

ஒரு தொகுதியின் தேர்தல் வரலாறு என்றதும் எந்த ஆண்டில் யார் வென்றார், எந்தக் கட்சிச் சின்னத்தில் வென்றார் என்ற பட்டியலே பெரும்பாலும் நம் கண்முன் வரும். அந்தப் பட்டியல் தேவையானதுதான். ஆனால் கனடாவின் மேற்கு மாகாணங்களில் உள்ள ஒரு கிராமத் தொகுதியை அந்தப் பட்டியலை மட்டும் வைத்துப் படித்தால், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒரே கட்சி வென்றுகொண்டே வந்ததைத் தவிர வேறொன்றும் தெரியாது. அங்கே அரசியல் நடந்த இடம் பல வேளைகளில் வாக்குச்சாவடியாக இருக்கவில்லை. எல்லைக்கோட்டிலும், வாக்கை எண்ணும் முறையிலும், ஓர் இடம் காலியான விதத்திலும், கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்திலும் அது நடந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்பகுதியில் உள்ள ஒகோடோக்ஸ், ஹை ரிவர் என்ற இரண்டு ஊர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் அடிப்படை. கனடா ஒரு கூட்டாட்சி நாடு. ஒட்டாவாவில் உள்ள நாடாளுமன்றத்துக்கு ஒரு தேர்தலும், ஒவ்வொரு மாகாணத்தின் சட்டமன்றத்துக்கு இன்னொரு தேர்தலும் தனித்தனியே நடக்கின்றன; இரண்டுக்கும் தொகுதி எல்லைகள் வெவ்வேறு. இக்கட்டுரை பேசுவது மாகாணத் தொகுதியைப் பற்றி மட்டுமே. ஆல்பர்ட்டா சட்டமன்றத்தில் 2012 தேர்தலிலிருந்து 87 தொகுதிகள் உள்ளன. இந்த எண்ணிக்கையை 89 ஆக உயர்த்த 2024 இல் சட்டம் இயற்றப்பட்டது. தொகுதிக்கு ஓர் உறுப்பினர். சட்டமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்ற கட்சியின் தலைவர் மாகாண முதல்வராகிறார். முதல்வராகப் பதவியேற்கும் நாளில் அவர் உறுப்பினராக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. விரைவில் ஓர் இடத்தைத் தேடிக்கொண்டால் போதும் என்பது மரபு. இந்த மரபை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் இது முக்கியமானது.

கல்கரி நகருக்குத் தெற்கே, ராக்கி மலையின் அடிவாரக் குன்றுகள் சமவெளியோடு சேரும் இடத்தில் இந்தப் பகுதி அமைந்துள்ளது. மேற்கே மாட்டுப் பண்ணைகள், கிழக்கே கோதுமை வயல்கள், இடையில் 1914 இல் எண்ணெயும் எரிவாயுவும் கண்டெடுக்கப்பட்ட டர்னர் வேலி. ஒகோடோக்ஸ் ஷீப் ஆற்றங்கரையிலும், ஹை ரிவர் ஹைவுட் ஆற்றங்கரையிலும் உள்ளன. 1979 இல் கனடாவின் பிரதமரான ஜோ கிளார்க் பிறந்தது ஹை ரிவரில்தான். ஆனால் அவர் கூட்டாட்சி அரசியலில் உயர்ந்தவர் என்பதால் நம் கதைக்கு வெளியே நிற்கிறார்.

ஆல்பர்ட்டா ஒரு மாகாணமாக உருவானது 1905 இல். அந்த ஆண்டு நடந்த முதல் தேர்தலிலேயே ஹை ரிவர் என்ற பெயரில் ஒரு தொகுதி இருந்தது. 1909 இல் ஒகோடோக்ஸ் தனித் தொகுதியானது. 1930 இல் இரண்டும் இணைந்து ஒகோடோக்ஸ்–ஹை ரிவர் ஆயின. 1971 இல் அந்தப் பெயர் நீங்கி, ஆற்றின் பெயரால் ஹைவுட் வந்தது. ஆக, ஒரே நிலத்துக்கு ஒரு நூற்றாண்டில் நான்கு பெயர்கள். தேர்தல் ஆணையத்தின் ஆவணங்களில் இவை தனித்தனித் தொகுதிகளாகவே பதிவாகியிருக்கும். அங்கே வாழ்ந்தவர்களுக்கோ அது தொடர்ச்சியான ஒரே வரலாறு. தொடக்கநிலை வாசகர் செய்யவேண்டிய முதல் வேலை, தொகுதியின் பெயரைப் பின்தொடராமல் ஊர்களைப் பின்தொடர்வதுதான்.

1905 இல் ஹை ரிவரில் வென்றவர் கன்சர்வேடிவ் கட்சியின் ஆல்பர்ட் ராபர்ட்சன். லிபரல் கட்சி மாகாணத்தையே அள்ளிக்கொண்ட அந்தத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சிக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே கிடைத்தன. அவர்களில் ஒருவரான ராபர்ட்சன் ஆல்பர்ட்டாவின் முதல் எதிர்க்கட்சித் தலைவரானார். ஒகோடோக்ஸில் 1909 முதல் 1935 வரை அசையாமல் இருந்தவர் ஜார்ஜ் ஹோட்லி. இவருடைய பெயரும் கன்சர்வேடிவ் வரிசையில்தான் தொடங்குகிறது. ஒரு காலம் அக்கட்சியின் மாகாணத் தலைவராகவும் இருந்தார். ஆனால் 1921 இல் விவசாயிகளின் அமைப்பான ஐக்கிய விவசாயிகள் இயக்கம் நேரடியாகத் தேர்தலில் இறங்கியபோது, ஹோட்லி அதன் பக்கம் சென்று, அதன் ஆட்சியில் வேளாண்மை அமைச்சராகி, பின்னர் சுகாதாரத் துறையையும் சேர்த்து நடத்தினார். பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு 1921 இல் தொகுதி கட்சி மாறியதாகத் தோன்றும். மக்கள் அதே ஆளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மாறியது ஆளின் கட்சி.

அந்த விவசாயிகள் இயக்கம் கொண்டுவந்த ஒரு கருத்து, இந்தப் பகுதியின் பின்னாளைய வரலாறு முழுவதையும் தொட்டு நிற்கிறது. உறுப்பினர் என்பவர் கட்சித் தலைமையின் ஆள் அல்லர், தொகுதியின் ஏவலர். ஏவல் தவறினால் தேர்ந்தெடுத்தவர்களே அவரைத் திரும்ப அழைக்கலாம் என்பதே அது. அமெரிக்க எல்லைக்கு அப்பாலிருந்து வந்து குடியேறிய விவசாயிகளோடு இந்த எண்ணமும் வடக்கே வந்தது.

வாக்களிக்கும் முறையையும் அதே இயக்கத்தின் ஆட்சி மாற்றியது. 1926 தேர்தல் முதல் ஆல்பர்ட்டாவின் கிராமத் தொகுதிகளில் வாக்காளர் ஒரே ஒரு பெயருக்கு எதிரே குறியிடுவதற்குப் பதிலாக, வேட்பாளர்களை 1, 2, 3 என்று தம் விருப்பப்படி வரிசைப்படுத்தினார். முதல் விருப்ப வாக்குகளில் எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குச்சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பம் மற்றவர்களுக்குச் சேர்க்கப்படும். ஒருவர் பெரும்பான்மை பெறும்வரை இது தொடரும். இந்த முறை 1955 தேர்தல் வரை நடைமுறையில் இருந்து, 1959 தேர்தலுக்கு முன் கைவிடப்பட்டது. ஆகவே 1950 இன் வாக்கு விழுக்காட்டையும் 1963 இன் வாக்கு விழுக்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கட்சி வளர்ந்தது அல்லது தேய்ந்தது என்று சொல்வது ஆபத்தான வேலை. விதிகள் வேறு.

யார் வாக்காளர் என்பதும் மாறிக்கொண்டே இருந்தது. ஆல்பர்ட்டாவில் பெண்கள் மாகாண வாக்குரிமை பெற்றது 1916 இல். 1877 இல் அரசுடன் ஏழாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிளாக்ஃபுட், ஸ்டோனி, சூட்டினா மக்களின் மரபுநிலத்தில்தான் இந்தத் தொகுதி கிடக்கிறது. ஆனால் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட முதற்குடியினர் மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைப் பெற 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னுள்ள முடிவுகள் எதையும் 'இப்பகுதி மக்களின் தீர்ப்பு' என்று எழுதும்போது பேனா சற்றுத் தயங்கவேண்டும்.

இனி 1935. பொருளாதார வீழ்ச்சி மேற்குச் சமவெளியைச் சூறையாடியிருந்த காலம். 1932 இன் இறுதியில் ஒரு புஷல் கோதுமையின் விலை 40 சென்டுக்கும் கீழே விழுந்தது. வறட்சி, புழுதிப்புயல், வங்கிக் கடன். இந்நிலையில் கல்கரியில் பள்ளித் தலைமையாசிரியராகவும் வானொலியில் மதப் பேச்சாளராகவும் இருந்த வில்லியம் அபெர்ஹார்ட், ஆங்கிலேயரான மேஜர் டக்ளஸின் 'சோஷியல் கிரெடிட்' என்ற பொருளாதாரக் கொள்கையைத் தம் போக்கில் எளிமைப்படுத்தி, ஒவ்வொரு வயதுவந்த குடிமகனுக்கும் மாதம் 25 டாலர் பங்குத்தொகை தரமுடியும் என்று பேசத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பண்ணை வீடுகளில் அவருடைய குரலே ஒலித்தது. 1935 ஆகஸ்ட் 22 இல் நடந்த தேர்தலில் சோஷியல் கிரெடிட் என்ற அதே பெயர் கொண்ட அவருடைய இயக்கம் 63 இடங்களில் 56 ஐ வென்றது. ஆட்சியிலிருந்த விவசாயிகள் இயக்கத்துக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை. கால் நூற்றாண்டு உறுப்பினராக இருந்த ஹோட்லியும் ஒகோடோக்ஸ்–ஹை ரிவரில் தோற்றார்.

அபெர்ஹார்ட் அந்தத் தேர்தலில் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. ஆனால் முதல்வர் அவர்தான். எனவே ஒகோடோக்ஸ்–ஹை ரிவரில் அப்போதுதான் வென்றிருந்த சோஷியல் கிரெடிட் உறுப்பினர் வில்லியம் மோரிசன் பதவி விலகி வழிவிட்டார். நவம்பரில் இடைத்தேர்தல், எதிர்த்து எவரும் மனுத்தாக்கல் செய்யவில்லை, அபெர்ஹார்ட் போட்டியின்றித் தேர்வானார். இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். கட்சிப் பட்டியலில் இது மிகப் பெரிய வெற்றியாகத் தெரியும். ஆனால் இந்த மனிதருக்கு இந்தத் தொகுதியில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை என்பதே உண்மை.

சோஷியல் கிரெடிட் இயக்கம் பழைய விவசாயிகள் இயக்கத்தின் வாக்காளர்களையும் சேர்த்துத்தான் வென்றிருந்தது. திரும்ப அழைக்கும் உரிமையையும் வாக்குறுதியாகத் தந்திருந்தது. 1936 இல் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு தொகுதியின் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மனுவில் கையெழுத்திட்டால் உறுப்பினர் பதவி இழப்பார். வரம்பு எவ்வளவு உயரம் என்பதைக் கவனியுங்கள்: வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அன்று, பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு. நடக்காது என்று நினைத்து எழுதப்பட்ட சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடந்தது. பங்குத்தொகையைத் தர அபெர்ஹார்ட் அவகாசமாகக் கேட்ட பதினெட்டு மாதங்கள் 1937 இன் தொடக்கத்தில் முடிந்துவிட்டன; 25 டாலர் வரவில்லை. சொந்தக் கட்சியின் உறுப்பினர்களே அந்த வசந்தத்தில் அவருக்கு எதிராகக் கலகம் செய்தனர். தொகுதியிலோ அவரைத் திரும்ப அழைக்கும் மனு ஊர் ஊராகச் சுற்றியது. 1937 இலையுதிர் காலத்தில் போதிய கையெழுத்துகள் திரண்டுவிட்டன என்ற செய்தி வந்ததும், அக்டோபரில் சட்டமன்றம் கூடி அந்தச் சட்டத்தை நீக்கியது. வெறுமனே நீக்கவில்லை, இயற்றப்பட்ட நாள் முதலே செல்லாதது என்று முன்தேதியிட்டு நீக்கியது. அதனால் திரட்டிய கையெழுத்துகளுக்குச் சட்டப்படி எந்தப் பொருளும் இல்லாமல் போயிற்று. டர்னர் வேலியில் உள்ள எண்ணெய் நிறுவனங்கள் தம் தொழிலாளர்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கின என்பது முதல்வர் தரப்பின் வாதம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே ஆழத்தில் பெரிய எண்ணெய்ப்படுகை கண்டெடுக்கப்பட்டு, நிறுவனங்கள் குவிந்திருந்தன. முதலாளிகளுக்கு அவர்மேல் அன்பு இருக்கவில்லை என்பதும் மெய். ஆனாலும் புகார் இருந்தால் கையெழுத்துகளைச் சரிபார்த்திருக்கலாம். சட்டத்தையே பிறக்காததாக்கியது அதற்கு விடையல்ல.

1940 தேர்தலில் அபெர்ஹார்ட் இந்தத் தொகுதிப் பக்கம் வரவில்லை. பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் கல்கரி நகரத் தொகுதியில் நின்று வென்றார். அவர் விட்டுச்சென்ற ஒகோடோக்ஸ்–ஹை ரிவரில் அரசை எதிர்த்த சுயேச்சை வேட்பாளர் வென்றார். லிபரல்களும் கன்சர்வேடிவ்களும் தம் பெயர்களை ஒதுக்கிவைத்துச் சுயேச்சைகள் என்ற பொதுப்பெயரில் ஒன்று திரண்ட தேர்தல் அது. ஆட்சி மட்டும் சோஷியல் கிரெடிட்டிடமே நீடித்தது. 1943 இல் அபெர்ஹார்ட் இறந்தார். அவருக்குப் பின் எர்னஸ்ட் மேனிங் 1968 வரை முதல்வராக இருந்தார்.

அடுத்து வந்த காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1944 இல் சோஷியல் கிரெடிட்டின் ஐவன் கேசி தொகுதியை மீட்டு, பின்னர் அமைச்சருமானார். 1955 இல் லிபரல் கட்சியின் ராஸ் எல்லிஸ் அவரைத் தோற்கடித்தார். மேனிங் ஆட்சிக்கு எதிராக லிபரல்கள் ஓரளவு எழுந்த தேர்தல் அது. 1959 இல் சோஷியல் கிரெடிட் மீண்டும் வென்றது. அம்முறை அதன் வேட்பாளராக நின்ற எர்னஸ்ட் ஹான்செல், அதற்குமுன் இருபது ஆண்டுகளுக்கு மேல் மெக்லவுட் தொகுதியின் கூட்டாட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1963 இல் எட்வர்ட் பெனாய்ட் வந்தார். 1971 இல் பீட்டர் லாகீடின் முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி மாகாண ஆட்சியைப் பிடித்தபோதும், புதிதாகப் பெயர் மாறிய ஹைவுட் தொகுதி பெனாய்ட்டையே வைத்துக்கொண்டது. மாகாணம் மாறும்போது உடனே மாறாமல், ஒரு தேர்தல் பின்தங்கி மாறுவது கிராமத் தொகுதிகளில் அடிக்கடி காணப்படுவது. ஆளுக்கு உள்ள செல்வாக்கு கட்சியின் செல்வாக்கைவிடச் சற்று நீண்ட ஆயுள் உடையது.

1975 இல் ஜார்ஜ் வுல்ஸ்டன்ஹோம் தொகுதியை முற்போக்குக் கன்சர்வேடிவ் பக்கம் கொண்டுவந்தார். அவருக்குப் பின் ஹாரி ஆல்ஜர், டான் டானஸ், ஜார்ஜ் கிரோனவெல்ட் என்று 2012 வரை கட்சி மாறவே இல்லை. இத்தகைய நீண்ட, ஓசையற்ற காலத்தைப் படிக்க ஒரு வழி உண்டு. பொதுத்தேர்தலின் முடிவு முன்கூட்டியே தெரிந்த தொகுதியில், உண்மையான போட்டி கட்சியின் வேட்பாளர் தேர்வுக் கூட்டத்துக்கு இடம்பெயர்ந்துவிடும். கனடாவில் தொகுதியளவில் கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். சில நூறு அல்லது சில ஆயிரம் பேர் பங்கேற்கும் அந்தக் கூட்டமே நடைமுறையில் தேர்தல். அதன் எண்ணிக்கைகள் அதிகாரப்பூர்வத் தேர்தல் அறிக்கையில் இடம்பெறுவதில்லை என்பதால், உள்ளூர்ச் செய்தித்தாள்களைத்தான் தேடவேண்டும். (இந்தப் பகுதிக்கு வேளாண்மைத் துறை மேல் ஏதோ ஒட்டுதல் உண்டு போலும்: ஹோட்லிக்குப் பின் கிரோனவெல்ட்டும், 2023 இல் ஆர்.ஜே. சிகர்ட்சனும் அதே துறைக்கு அமைச்சர்களாயினர்.)

2012 இல் வேட்பாளர் தேர்வுக் கூட்டம் மட்டும் போதாமல் போயிற்று. முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சிக்கு வலப்புறம் வளர்ந்த வைல்ட்ரோஸ் கட்சியின் தலைவர் டேனியல் ஸ்மித், தாம் வாழ்ந்த ஹை ரிவர் அடங்கிய ஹைவுட்டில் நின்று வென்றார். கருத்துக்கணிப்புகள் அவர் ஆட்சியைப் பிடிப்பார் என்றன. ஆனால் அலிசன் ரெட்ஃபோர்டின் முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி 61 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்தது, வைல்ட்ரோஸுக்கு 17 இடங்கள். ஸ்மித் எதிர்க்கட்சித் தலைவரானார். நூற்றாண்டுக்கு முன் ராபர்ட்சன் வகித்த பதவி, அதே ஊரிலிருந்து. 2013 ஜூனில் ஹைவுட் ஆறு கரைபுரண்டு, ஹை ரிவர் முழுவதையும் காலிசெய்ய வைத்த வெள்ளத்தின்போது அவரே அப்பகுதியின் உறுப்பினராகவும் இருந்தார்.

2014 டிசம்பர் 17 இல் ஸ்மித் உட்பட ஒன்பது வைல்ட்ரோஸ் உறுப்பினர்கள், முதல்வர் ஜிம் பிரென்டிஸின் ஆளுங்கட்சிக்கு ஒரே நாளில் தாவினர். எதிர்க்கட்சித் தலைவரே அணியோடு ஆளுங்கட்சியில் சேர்வது கனடாவில் கேள்விப்படாத ஒன்று. கட்சி தாவினால் பதவி பறிபோகும் என்ற சட்டம் ஆல்பர்ட்டாவில் இல்லை. ஆகவே மறுநாளும் அவர் ஹைவுட்டின் உறுப்பினரே. தொகுதிக்கு இருந்த முதல் வாய்ப்பு, புதிய கட்சியின் வேட்பாளர் தேர்வு. 2015 மார்ச் 28 இல் அது நடந்தபோது, ஒகோடோக்ஸ் நகர்மன்ற உறுப்பினர் கேரி ஃபிஷரிடம் ஸ்மித் தோற்றார். அதோடு முடியவில்லை. மே 5 இல் நடந்த பொதுத்தேர்தலில் ஃபிஷரும் தோற்றார். ஸ்மித் கைவிட்டுச் சென்ற வைல்ட்ரோஸின் வேட்பாளர் வேய்ன் ஆண்டர்சன் வென்றார். பட்டியலில் 2012 க்கு எதிரேயும் 2015 க்கு எதிரேயும் வைல்ட்ரோஸ் என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் நடந்த எதுவும் அந்த இரண்டு வரிகளில் இல்லை.

1937 ஐயும் 2015 ஐயும் அருகருகே வைத்து, 'தலைவர்களைத் தண்டிக்கும் மண்' என்று எழுதிவிட ஆசை எழும். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 1937 இல் கையெழுத்திட்ட பண்ணைக்காரரும் எண்ணெய்த் தொழிலாளியும் வேறு. 2015 இல் வாக்களித்தவர்களில் பலர் கல்கரியில் வேலை செய்து ஒகோடோக்ஸில் வீடு வாங்கியவர்கள். ஷீப் ஆற்றின் நீர் போதாது என்று 1998 இல் மக்கள்தொகைக்கு 30,000 என்று வரம்பு கட்டிக்கொண்ட அந்த ஊர், 2012 இல் அந்த வரம்பைக் கைவிட்டது. 2021 கணக்கெடுப்பில் 30,000 ஐத் தாண்டியும்விட்டது. இரு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவானது மண்ணின் குணம் அன்று, நிலைமையின் அமைப்பு: தலைவர் ஒருவர் தொகுதியின் இடத்தைத் தொகுதியைக் கேட்காமல் தம் வசதிக்குப் பயன்படுத்தினார், தொகுதிக்குக் கையில் எட்டிய முதல் கருவியை அது எடுத்தது. ஒருமுறை அந்தக் கருவியை அரசு பறித்தது, மறுமுறை பறிக்க வழியில்லை.

மக்கள்தொகை பெருகினால் எல்லையும் மாறும். ஆல்பர்ட்டாவில் ஐந்து பேர் கொண்ட எல்லை ஆணையம் இந்த வேலையைச் செய்கிறது. ஒரு தொகுதியின் மக்கள்தொகை மாகாணச் சராசரியிலிருந்து 25 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம். பரந்து விரிந்த, ஆள் குறைந்த தொகுதிகளில் நான்கு வரை சராசரியின் பாதியளவுக்குக்கூட இறங்கலாம். இந்த நெகிழ்வு கிராமங்களுக்குத் தரப்பட்ட சலுகை. ஆனால் ஒகோடோக்ஸ் போல வளரும் ஊர் இருந்தால் அது ஒரு தொகுதியைத் தானே நிரப்பத் தொடங்கி, அக்கம்பக்கத்து ஊர்களை வெளியே தள்ளும். 2019 தேர்தலுக்கு முன் அதுதான் நடந்தது. ஹைவுட் என்ற பெயர் ஒகோடோக்ஸோடு நின்றுகொண்டது. ஹைவுட் ஆற்றங்கரையில் உள்ள ஹை ரிவரோ தெற்கே மலைவரை நீளும் லிவிங்ஸ்டன்–மெக்லவுட் தொகுதிக்குப் போயிற்று. அதற்குள் வைல்ட்ரோஸும் முற்போக்குக் கன்சர்வேடிவும் 2017 இல் ஐக்கிய கன்சர்வேடிவ் கட்சியாக இணைந்துவிட்டன; 2019 இல் ஹைவுட்டில் அக்கட்சியின் சிகர்ட்சன் வென்றார்.

அரசியலுக்குத் திரும்பிய ஸ்மித் 2022 அக்டோபரில் அந்தக் கட்சியின் தலைவராகி, உறுப்பினர் பதவி இல்லாமலேயே முதல்வரானார். 1935 இல் மோரிசன் செய்ததைப் போலவே ஒருவர் வழிவிட்டார். ஆனால் இம்முறை காலியானது கிழக்கே தொலைவில் உள்ள புரூக்ஸ்–மெடிசின் ஹாட். நவம்பர் 8 இல் நடந்த அந்த இடைத்தேர்தலில் போட்டி இருந்தது. வாக்குப்பதிவு நடந்து அவர் வென்றார். திரும்ப அழைக்கும் சட்டத்தையும் ஆல்பர்ட்டா 2021 இல் மீண்டும் இயற்றி, 2022 இல் நடைமுறைப்படுத்தியிருந்தது. முதலில் தொகுதியின் வாக்காளர்களில் 40 விழுக்காட்டினரின் கையெழுத்தை 60 நாள்களுக்குள் திரட்டவேண்டும் என்று இருந்தது. 2025 இல் கடந்த தேர்தலில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையில் 60 விழுக்காடு, 90 நாள்கள் என்று மாற்றப்பட்டது. 1936 இன் மூன்றில் இரண்டு பங்கோடு இதை ஒப்பிடும்போது, அடிப்படை எண் எது என்பதை முதலில் பார்க்கவேண்டும்: அன்று பட்டியலில் உள்ளவர்கள், இன்று வாக்களித்தவர்கள்.

இந்த ஊர்களின் வரலாற்றைத் தொடர்ந்து படிக்க விரும்புபவர், 2019 க்குப் பின் ஒகோடோக்ஸுக்கு ஹைவுட்டின் பதிவுகளையும், ஹை ரிவருக்கு லிவிங்ஸ்டன்–மெக்லவுட்டின் பதிவுகளையும் தனித்தனியே புரட்டவேண்டும். டர்னர் வேலியைத் தேடுபவர் கவனிக்க: அது 2023 ஜனவரி 1 இல் பக்கத்து ஊரான பிளாக் டயமண்டுடன் இணைந்து, டயமண்ட் வேலி என்ற பெயரில் இருக்கிறது.